சாவியைத் திருப்பாதீர்கள்: இன்ஜின் ஆயிலுக்குப் பதில் கியர் ஆயிலை வடித்தவருக்கு

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது, மேனுவல் கியர். சர்வீஸ் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நானே இன்ஜின் ஆயில் மாற்றினேன். அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் வந்தது. கறுப்பாக இல்லை, பழுப்பு மஞ்சளாக இருந்தது. பழைய ஆயில் இன்னும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, ஃபில்டரை மாற்றி, 3 லிட்டர் கேனை முழுதாக ஊற்றினேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. ஓட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு சுற்றுப் போய் வந்தேன், நாலு கிலோமீட்டர் இருக்கும். பின்னால் நீலப் புகை, கியர் பாக்ஸில் ஊளைச் சத்தம். வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகு காருக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஆயில் தேங்கியிருந்தது. நான் வடித்தது கியர் பாக்ஸ் ஆயில் என்பது அப்புறம்தான் புரிந்தது. மச்சான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். மெக்கானிக்கைக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது. "புகை வருது, சத்தம் வருது, என்னன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிடலாமா? இன்ஜின் போய்விட்டதா? அடுத்த மாதம் முன்பக்க பிரேக் பேடையும் நானே மாற்றலாம் என்றிருந்தேன். அதை விட்டுவிட வேண்டியதுதானா?
- ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் ஒன்றைச் செய்யுங்கள். சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். "இப்போ எப்படி இருக்குன்னு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம். வண்டியை நாலடி நகர்த்த வேண்டுமென்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளுங்கள். அந்தத் தூரத்துக்கு கியர் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் இன்ஜின் போய்விட்டது என்று நினைக்கக் காரணம் எதுவும் கடிதத்தில் இல்லை. நாலு கிலோமீட்டர் ஓடி, தானாக நிற்காமல், தட்டும் சத்தம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: ஓட்டும்போது மீட்டரில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்ததா? எரியவில்லை என்றால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். எரிந்திருந்தால் அதை மெக்கானிக்கிடம் முதல் வரியாகச் சொல்லுங்கள். பேரிங்குகளைக் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கும். இன்ஜினைவிட எனக்குக் கவலை கியர் பாக்ஸைப் பற்றித்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆயில் அதிகமானால் என்ன கெடுதல் என்று பலர் கேட்பார்கள். உங்கள் இன்ஜினுக்கு ஃபில்டரையும் சேர்த்து 3 லிட்டரும் கொஞ்சமும்தான் தேவை. பழைய ஆயில் வடியாமல் உள்ளே இருக்க, மேலே 3 லிட்டர் ஊற்றியிருக்கிறீர்கள். அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டியில் ஆயில் ஒரு மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் கிராங்க் ஷாஃப்ட்டின் எடைகள் ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் அடித்து, மத்தால் தயிர் கடைந்ததுபோல நுரைக்க வைத்துவிடும். நுரை என்றால் காற்று. ஆயில் பம்பு காற்றை இழுத்தால் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய பிரஷர் விழுந்துவிடும். ஆயில் கூடுதலாக இருந்தும் இன்ஜின் வறண்டு ஓடுவது இப்படித்தான். இன்னொரு பக்கம், உள்ளே ஏறும் அழுத்தத்தால் ஆயில் ஆவியும் துளிகளும், இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வு வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போய், பெட்ரோலோடு சேர்ந்து எரியும். நீங்கள் பார்த்த நீலப் புகை அதுதான்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். காற்றுக் குழாய்க்குள் போகும் இன்ஜின் ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் தானாக வேகம் பிடித்துவிடக்கூடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. டீசலில் மேல் கோட்டுக்கு மேல் ஆயில் தெரிந்தால், வடிக்கும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

இனி மெக்கானிக்கிடம் மறைக்கலாமா என்ற கேள்வி. தயவுசெய்து மறைக்காதீர்கள். "கியர் பாக்ஸில் சத்தம், பின்னால் நீலப் புகை" என்று மட்டும் கேட்டால் நல்ல மெக்கானிக்கே என்ன நினைப்பார்? பத்து வருடத்துக்கு மேலான வண்டி. கியர் பாக்ஸ் பேரிங் போயிருக்கும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். பெட்டியை இறக்கலாம், இன்ஜினைப் பிரிக்கலாம் என்று பேச்சு அங்கிருந்து தொடங்கும். ஆயில் மாற்றிச் சரியாகும் வேலைக்கு ஓவர்ஹால் செலவு செய்யும் நிலை வரும். உங்கள் மேல் தவறு இருக்கிறது என்ற ஒரு தகவல்தான் இந்த வண்டியைக் காப்பாற்றும் தகவல்.

ஒரு தாளில் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்: கியர் பாக்ஸ் ஆயில் முழுக்க வடிக்கப்பட்டது, திரும்ப ஊற்றவில்லை; இன்ஜினில் பழைய ஆயிலுக்கு மேல் 3 லிட்டர், இன்ன கிரேடு; ஃபில்டர் புதிது; சுமார் 4 கிலோமீட்டர் ஓடியது, இத்தனை நிமிடம்; அதிகபட்சம் இன்ன வேகம்; ஆயில் விளக்கு எரிந்தது அல்லது எரியவில்லை. இப்படி எழுதிக்கொண்டு வருபவரைப் பார்த்து எந்த நல்ல மெக்கானிக்கும் சிரிக்க மாட்டார். இந்தத் தவறு அவர்களுக்குப் புதிதும் இல்லை. அமெரிக்காவில் சுபாரு கார் வைத்திருப்பவர்கள் காலங்காலமாகச் செய்யும் தவறு இது. அந்தக் கார்களில் இன்ஜின் ஆயில் போல்ட்டுக்குச் சற்றுப் பின்னாலேயே கியர் பக்கத்துப் போல்ட்டும் இருக்கிறது. குனிந்து படுத்துக்கொண்டு, தலைகீழாகப் பார்த்துக் கழற்றும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வண்டியை ஒர்க் ஷாப்புக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகலாமா என்றால், கூடாது. ஸ்விஃப்ட் முன்சக்கர இழுவை வண்டி. முன்சக்கரம் தரையில் உருண்டால் நியூட்ரலில் இருந்தாலும் கியர் பாக்ஸுக்குள் ஒரு பகுதி சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் ஆயில் இல்லாமல். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியோ, மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியோ வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக் வீட்டுக்கு வந்து இரண்டு ஆயிலையும் சரிசெய்துவிட்டு ஓட்டிக்கொண்டு போகட்டும். செலவு குறைந்தது அதுதான்.

நீங்களே செய்கிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து நிற்க வேண்டும். டிக்கியில் இருக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். கதவுக்குக் கீழே விளிம்புத் தகட்டில் இரண்டு வெட்டுக் குறிகளுக்கு நடுவே ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்ட் என்ற தாங்கு கால் கொடுத்து, வண்டியைக் கையால் பலமாக அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே போகலாம். இந்தக் கடிதத்தில் உள்ள எல்லாத் தவறுக்கும் பரிகாரம் உண்டு. ஜாக்கி சாய்வதற்கு மட்டும் கிடையாது.

அடுத்து, எது எந்தப் போல்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வழி போதும்: முன்சக்கரத்திலிருந்து உள்ளே வரும் ஆக்சில் கம்பியை விரலால் தொடர்ந்து போங்கள். அது எந்தப் பெட்டிக்குள் நுழைகிறதோ அது கியர் பாக்ஸ். அந்தப் பெட்டியில் உள்ள எந்தப் போல்ட்டும் இன்ஜின் ஆயில் போல்ட் அல்ல. ஆக்சில் நுழையாத, அடியில் அகலமான தொட்டிபோல் இருப்பதுதான் சம்ப். கண்டுபிடித்ததும் துடைத்துவிட்டு பெயின்ட் மார்க்கரால் சம்ப் போல்ட்டுக்குப் பக்கத்தில் 'இ' என்றும் மற்றதில் 'கி' என்றும் எழுதிவிடுங்கள். அடுத்த தடவைக்கும் உதவும்.

வடியத் தொடங்கிய பிறகும் ஒரு எச்சரிக்கை கிடைக்கும். போன ஞாயிறு அதைத்தான் தவறவிட்டீர்கள். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் ஆயில் கறுப்பாக, கருகிய வாடையோடு வரும். இன்ஜின் சூட்டில் நீர்போல ஓடும். கியர் ஆயில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, கொழகொழவென்று நூல் விட்டு இறங்கும். மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை குப்பென்று அடிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பெரும்பாலும் சிவப்பாக வரும். எதிர்பார்த்த நிறம் இல்லை என்றால், அரை லிட்டர் போயிருந்தாலும் சரி, உடனே போல்ட்டைத் திரும்பப் போட்டு முடுக்கிவிட்டு யோசியுங்கள். அந்த நேரத்தில் நின்றிருந்தால் ஒரு கியர் ஆயில் கேனோடு முடிந்திருக்கும். ஆட்டோமேட்டிக்காக இருந்து முழுவதும் வடிந்திருந்தால் ஸ்டார்ட் செய்வதே ஆபத்து. அதன் பம்பு இன்ஜின் சுற்றினாலே சுற்றும்.

இப்போது இன்ஜின் ஆயிலை வடியுங்கள். வழக்கமாக ஆயிலை வடிக்கும் முன் இன்ஜினைக் கொஞ்சம் சூடாக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது பொருந்தாது, ஸ்டார்ட் செய்யாமல் ஆறியபடியே வடியுங்கள். மேல் மூடியைத் திறந்துவைத்து அரைமணி நேரம் விட்டால் இறங்கிவிடும். அடியில் வைக்கும் பாத்திரம் 8 லிட்டராவது பிடிக்க வேண்டும், ஏனென்றால் வரப்போவது சுமார் 6 லிட்டர். 4 லிட்டர் பேசின் வைத்துவிட்டு நடுவில் போல்ட்டைத் திரும்பத் திருக முயன்று முழங்கை வரை ஆயிலில் நனைபவர்கள் நிறையப் பேர். மேல் கோடு வரை மட்டும் வடித்துவிட்டு, புது ஆயில் பாதி இருக்கிறதே என்று ஓட்டலாமா என்று தோன்றும். அவசரத்துக்குப் பழுதில்லை. ஆனால் உள்ளே இருப்பது பாதி பழைய ஆயில். மாற்ற வேண்டிய காலம் வந்துதானே மாற்றப்போனீர்கள்? முழுதாக வடித்து, கையேட்டில் போட்டிருக்கும் கிரேடில் புதிதாக ஊற்றுங்கள்.

அந்தத் தட்டு அகல ஆயிலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். எனக்கு முதல் சந்தேகம் ஃபில்டர் மேல். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சூட்டில் ஒட்டிக் கறுத்துப்போன வளையம், கறுத்த உலோகத்தின் மேல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே புது ஃபில்டரை, அதன் புது வளையத்தோடு திருகினால் இரண்டு வளையம் ஆகிவிடும். சும்மா நிற்கும்போது ஒழுகாது. இன்ஜின் ஓடி பிரஷர் ஏறியதும் ஒரு வளையம் நழுவிப் பிதுங்கும். நன்றாகப் பிதுங்கினால் ஒரு நிமிடத்தில் முழு ஆயிலும் ரோட்டுக்கு வந்துவிடும், இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆயில் மாற்றும் வேலையில் எனக்கு மிகவும் பயம் தரும் தவறு இதுதான்.

ஆகவே அந்தப் புது ஃபில்டரைக் கழற்றுங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப்போடவில்லை என்றால் அதைத் தேடி எடுங்கள். அதன் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா? இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அது இன்ஜினில்தான் இருக்கிறது. ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, விரலால் வட்டமாகத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று உலோகம் மட்டும்தான் தட்டுப்பட வேண்டும். பிதுங்கிய புது வளையம் நசுங்கியிருக்கும் என்பதால் ஃபில்டரையும் இன்னொன்று வாங்கிவிடுங்கள். அதன் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் உலோகத்தைத் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான். ரெஞ்ச் போட்டு முடுக்காதீர்கள். அப்படி முடுக்கியதை அடுத்த தடவை ஸ்குரூ டிரைவரால் குத்திக் கிழித்துத்தான் கழற்ற வேண்டியிருக்கும்.

இப்போது கழற்றும் சம்ப் போல்ட்டின் வாஷரையும் கவனியுங்கள், இல்லையென்றால் அங்கேயும் ஒழுகும். நசுங்கிய பழைய வாஷர் மறுபடி அடைக்காது, ஒவ்வொரு தடவையும் புதிது வேண்டும். சம்ப் போல்ட்டை முதலில் விரலால் முழுதாகத் திருகுங்கள். விரலுக்கு வராமல் சிக்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி முடுக்கு சுமார் 35 நியூட்டன் மீட்டர்தான். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் குட்டை ஸ்பேனரைப் பிடித்து, வாஷர் கடிப்பது கைக்குத் தெரிந்ததும் இன்னும் ஒரு சிறு இழுப்பு. ஸ்பேனரில் பைப் மாட்டி முடுக்கி, அலுமினியம் சம்ப்பில் மரையை உருவிவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அப்படி ஆனால் டெஃப்லான் டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. லேத்தில் புது மரைச் சுருள் வைத்துத் தருவார்கள், அது நிற்கும்.

அந்தக் கசிவுக்கு இரண்டாவது காரணம், ஆயில் அதிகமானதால் ஏறிய அழுத்தம் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள சீல் வழியாகக் கசிய வைத்திருக்கலாம். இதற்காக உடனே கியர் பாக்ஸை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிப்பகுதியை மண்ணெண்ணெயால் சுத்தமாகக் கழுவி, காயவைத்து, டால்கம் பவுடர் தூவுங்கள். ஆயில் அளவைச் சரியாக்கிய பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டால், ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பவுடர் காட்டிவிடும். அளவு சரியானதும் சீல் கசிவு பல சமயம் நின்றுவிடும். இருநூறு கிலோமீட்டர் ஓட்டியும் நிற்காவிட்டால்தான் சீல் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

புது ஆயில் ஊற்றும்போது கேனைக் கவிழ்க்காதீர்கள். இரண்டரை லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கியர் பாக்ஸ் வேலையை முடித்த பிறகு அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்தால், ஃபில்டர் தன் பங்கை நிரப்பிக்கொண்டு மட்டம் இறங்கியிருக்கும். மறுபடி ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து, நூறு நூறு மில்லியாகச் சேருங்கள். வண்டி ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது பார்க்கும் டிப்ஸ்டிக் அளவு பொய். தரையில் இறக்கிவிட்டுப் பாருங்கள்.

புகை விட்ட வண்டி என்பதால் ஸ்டார்ட் செய்யும் முன் இன்னொரு சோதனையும் வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா பாருங்கள். தேங்கியிருந்தால் துடைத்து, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைக் கிளீனரால் சுத்தம் செய்ய வேண்டும். நிறையத் தேங்கியிருந்தால் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, ஓரிரு நொடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். சிலிண்டருக்குள் ஆயில் இருந்தால் பிளக் ஓட்டை வழியே வெளியேறிவிடும். பார்க்காமல் ஸ்டார்ட் செய்து, அழுந்தாத திரவம் பிஸ்டனுக்கு மேல் மாட்டினால் கனெக்டிங் ராட் வளையும். இந்த வேலையை மட்டும் மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள் என்பேன். அதன் பிறகும் கொஞ்ச நேரம் புகை வரும். சைலன்சருக்குள் படிந்த ஆயில் எரிந்து தீர வேண்டும். ஒரு வாரம் ஓட்டியும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் பிசிவி வால்வையும் பிளக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கியர் பாக்ஸ். ஆயில் வடிந்தாலும் பற்களின் மேல் ஒரு படலம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். ஊருக்குள் மெதுவாக ஓடிய நாலு கிலோமீட்டரில் அது முழுதாகத் தீர்ந்திருக்காது என்று நம்பலாம். ஹைவேயில் 80இல் போயிருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. எந்த கியர் பாக்ஸிலும் ஊற்றும் போல்ட்டைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் அந்த மேல் போல்ட் பல வருடம் தொடாமல் இறுகிக் கிடக்கும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நிற்கும் வண்டிகளை எந்த ஒர்க் ஷாப்பிலும் கேட்டால் சொல்வார்கள். உங்களுக்கு இப்போது வேறு வழியில்லை, எப்படியும் திறந்தாக வேண்டும். போல்ட் தலை மழுங்கிவிடாமல் ஆறு பக்கமும் கச்சிதமாகப் பிடிக்கும் சாக்கெட்டைப் போடுங்கள்.

எவ்வளவு ஊற்றுவது? போன ஞாயிறு வடித்ததை வைத்திருக்கிறீர்களா? அதை அளந்து பாருங்கள். சுமார் 2 லிட்டர் இருக்கும். அதே அளவு புது கியர் ஆயில் உள்ளே போக வேண்டும். வேலை முழுதாக முடிந்து வண்டி ஓடும்வரை வடித்த ஆயிலைக் கொட்டக் கூடாது என்பது இதனால்தான். அளவும் நிறமும் வாடையும் அதில்தான் இருக்கின்றன. கடையில் 'கியர் ஆயில்' என்று மட்டும் கேட்காதீர்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4தான் வாங்க வேண்டும். ஜிஎல்-5 எண் பெரிதாக இருப்பதால் உயர்ந்தது என்று விற்பார்கள். அதில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தகப் பொருள்கள் கியர் பாக்ஸில் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். கியர் விழுவதும் கடினமாகும்.

ஊற்றும் ஓட்டைக்கு நேராகக் கேனைப் பிடிக்க இடம் இருக்காது. பொனட் பக்கத்திலிருந்து ஒரு மீட்டர் நீளப் பிளாஸ்டிக் டியூபை இறக்கி, மேலே புனலை மாட்டி மெதுவாக ஊற்றுங்கள். பெரும்பாலான மாருதி மேனுவல் பெட்டிகளில் ஊற்றும் ஓட்டைதான் மட்டம் பார்க்கும் ஓட்டையும். ஆயில் விளிம்பைத் தொட்டு வழியத் தொடங்கினால் போதும். ஆனால் வண்டி முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் அந்த மட்டம் தவறு. வீட்டில் அளந்து ஊற்றிவிட்டு, லிஃப்ட் உள்ள இடத்தில் வண்டியைச் சமமாகத் தூக்கி ஒருமுறை மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊளைச் சத்தத்தைச் சோதிக்க வேண்டும். நின்ற நிலையில், நியூட்ரலில், கிளட்ச்சை விட்டுவிட்டு ஓடவிடுங்கள். சத்தம் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் பாதிக்கப்பட்டிருக்கலாம். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் அது கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். இந்தத் தவறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் இல்லை, ஓட்டும்போதும் சத்தம் போய்விட்டது என்றால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு கியர் ஆயிலை இன்னொரு முறை மாற்றுங்கள். வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் படிந்ததை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல மழமழவென்று இருந்தால் இயல்பான தேய்மானம். நகத்தில் நெருடும் பளபளப்பான செதில்கள் வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

பிரேக் பேடை விட்டுவிட வேண்டுமா? விட வேண்டாம். ஆனால் முதல் தடவை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஆயில் தவறு பர்ஸைத்தான் பதம் பார்க்கும், பிரேக் தவறு ஆளைப் பதம் பார்க்கும். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கழற்றாமல் இருக்கும். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறி வழியும். பெயின்டில் பட்டால் தோலை உரிப்பதுபோல் உரித்துவிடும்; உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேடின் உராயும் முகம் டிஸ்க்கைப் பார்த்திருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லை என்று தோன்றும், ஆனால் இரும்புத் தகடு டிஸ்க்கைத் தேய்த்தபடி ஒர்க் ஷாப்புக்கு வரும் வண்டிகள் இருக்கின்றன. கிரீஸ் பட்ட விரலால் அந்த முகத்தைத் தொடாதீர்கள்.

பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்கினாலும் அது எண்ணெய் வகை அல்ல, கிளைக்கால் வகைத் திரவம். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். அந்த டப்பாவில் தவறி இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ விட்டால் உள்ளே உள்ள ரப்பர்கள் எல்லாம் ஊதிப்போகும். அப்படி நடந்துவிட்டால் பெடலை மிதிக்கவே கூடாது. மிதிக்காத வரை டப்பாவோடு முடிய வாய்ப்பு இருக்கிறது. மிதித்துவிட்டால் மாஸ்டர் சிலிண்டர் முதல் ஹோஸ், காலிப்பர் ரப்பர், ஏபிஎஸ் யூனிட் வரை மாற்ற வேண்டிவரும்.

பேட் மாற்றியதும், வண்டியை அசைக்கும் முன், பெடலை மெதுவாகப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் வண்டி நிற்கும். வீல் நட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது கையால் உட்கார வைத்து, இறக்கிய பிறகு எதிரெதிராக முடுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இப்போது சுமார் 8 லிட்டர் கழிவு ஆயில் சேர்ந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு. சாக்கடையிலோ வேலியோரமோ கொட்டாதீர்கள், கரையானுக்கு என்று மரத்தில் பூசக் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளைப் போட்டு ஊறவிட்டு அள்ளுங்கள். ஆயிலைக் கூலன்ட்டோ பெட்ரோலோ கலக்காமல், காலியான கேன்களில் அடைத்து, மேலே 'பழைய ஆயில்' என்று எழுதி, வண்டியை மட்டம் பார்க்க எடுத்துப் போகும் ஒர்க் ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். அங்கே டிரம்மில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் தருவார்கள்.